உண்மைச் சம்பவத்தில் எங்கள் நைனா இல்லை

உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது என்று திரையில் எழுத்து வந்தாலே என் கால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். அதுவும் ராணுவப் படம் என்றால் கேட்கவே வேண்டாம். மற்றவனெல்லாம் மூன்று ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும் பனிமலையில் நம் ஆள் மட்டும் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பான். எதிரி சுட்டால் பாறையில் படும். நம் ஆள் சுட்டால் நாலு பேர் விழுவார்கள். எதிரிப் படையின் அதிகாரிக்குத் தமிழ் நன்றாகப் புரியும், இல்லையென்றால் பஞ்ச் வசனத்தை யாரிடம் பேசுவது? ஊரில் ஒரு மனைவி இருப்பாள். வாசலில் நிற்பது, போனை எடுப்பது, வாந்தி எடுப்பது, கடைசியில் மடித்த கொடியை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொள்வது, இதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு வேலை கிடையாது.

நான் கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இந்த மாதிரிப் படம் ஏதாவது வந்துவிட்டால் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரத்துக்கு தேசபக்தி பொங்கி வழியும். நாவலூர் மாலில் படம் பார்த்துவிட்டு, கண்ணீரோடு வெளியே வந்தேன், ராணுவ வீரனுக்குத் தலைவணங்குகிறேன் என்று எழுதுவார் ஒருவர். எங்கள் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி முன்னாள் ராணுவக்காரர்தான். அவர் முட்டிவலிக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று போட்டோ எடுத்து அதே குழுவில் புகார் போட்டவரும் இதே ஆள்தான். தலைவணங்குவதற்குத் திரை வேண்டும் போலிருக்கிறது. கேட்டில் நிற்பவனுக்கு வணங்கினால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

எனக்கு ஏன் இத்தனை எரிச்சல் என்றால், எங்கள் வீட்டிலும் ஒரு உண்மைச் சம்பவம் இருந்தது. அதைச் சினிமாக்காரர்களிடம் கொடுத்துப் பார்த்தோம்.

என் நைனாவின் அண்ணன் ராணுவத்தில் லாரி ஓட்டினார். பயிற்சி முடிந்த பிறகு அவர் துப்பாக்கியைத் தொட்டதைவிட உருளைக்கிழங்கு மூட்டையைத் தொட்டதுதான் அதிகம். மலைமேல் இருக்கும் முகாம்களுக்குக் கிழங்கும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போவார், காலி டின்களோடு திரும்பி வருவார். ஒரு நாள் பனியில் லாரி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. அவ்வளவுதான். யாரும் சுடவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த எவனுக்கும் அவர் செத்ததே தெரிந்திருக்காது. திருப்போரூருக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊருக்கு முதலில் தந்தி வந்தது, பிறகு ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது. உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள்.

அவருடைய மனைவிதான் என் அம்மா.

கல்யாணமாகி அவர் இரண்டே முறைதான் லீவில் வந்திருந்தார். குழந்தை இல்லை. அவர் போன பிறகு இரண்டு வருஷம் கழித்து, பெரியவர்கள் கூடிப் பேசி, அம்மாவை அவருடைய தம்பிக்கே கட்டி வைத்தார்கள். அந்தத் தம்பிதான் என் நைனா. அறுத்துக் கட்டுவது எங்கள் ஜனங்களில் தலையைக் குனிய வைக்கும் விஷயம் இல்லை. பென்ஷன் வெளியே போய்விடக் கூடாதென்று கட்டிவைத்தார்கள் என்று அப்போது சிலர் பேசினார்களாம். பேசியவர்கள் எல்லாரும் வந்து கல்யாணச் சோறு தின்றுவிட்டுத்தான் போனார்கள்.

நைனா அம்மாவைவிட இரண்டு வயது இளையவர். அதுவரை அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுப் பழகிய வாய், தாலி கட்டிய மறுநாளும் அண்ணி என்றுதான் கூப்பிட்டது. அதற்குப் பிறகும் அப்படியே. நான் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் பிறந்தபோது நைனா வராந்தாவில் நின்றுகொண்டு, “அண்ணிக்கு ஆம்பளப் புள்ள” என்று எல்லாரிடமும் சொன்னாராம். அங்கிருந்த ஆயா, “உங்க அண்ணன் எங்கய்யா, வந்து கொழந்தயப் பாக்கலியா?” என்று கேட்க, நைனா, “அவரு செத்துட்டாரும்மா” என்றாராம். அந்த ஆயா அம்மாவின் கட்டிலுக்கு வந்து தலையைத் தடவி ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போயிருக்கிறாள். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் சிரித்து முடித்ததும் முகம் கொஞ்சம் சுண்டிவிடும்.

“ஒரு தபா வாயத் தொறந்து பொண்டாட்டின்னு சொன்னா இன்னா, நாக்கு வெந்துடுமா?” என்பாள். நைனா தலையைச் சொறிவார். அந்த வார்த்தை அண்ணனுடையது, தான் எடுத்துப் புழங்கக் கூடாது என்று அவருக்குள் ஏதோ ஒரு கணக்கு. உப்பளத்தில் வேலை செய்த காலத்திலும் சரி, பிறகு ஓஎம்ஆரில் கட்டட வேலைக்குப் போன காலத்திலும் சரி, வெளியாட்களிடம் “வூட்ல கீறாங்க” என்று சொல்வாரே தவிர அந்த வார்த்தை வராது. ஒரு வார்த்தைக்காக ஒரு பொம்பளை இத்தனை வருஷம் காத்திருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். அம்மா காத்திருந்தாள். எனக்குத் தெரியும்.

பெரியப்பாவை எங்கள் வீட்டில் யாரும் மறைத்து வைக்கவில்லை. அவர் செத்த நாளில் வருஷாவருஷம் படையல் உண்டு. இலையில் கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, யாராவது முன்னாள் ராணுவக்காரரின் கேன்டீன் கோட்டாவில் கெஞ்சி வாங்கிய ரம் கொஞ்சம், ஒரு சிகரெட். சிகரெட்டைப் பற்றவைக்க வேண்டியது நைனா. மற்ற நாளில் புகைக்காதவர் என்பதால் ஒரு இழுப்பிலேயே இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பின்னால் நின்று அம்மா சொல்வாள், “அந்த மனுசன் மூக்கால வுடுவாரு. நீ இன்னா அடுப்பு மாரி வாயால வுடற?” இருவரும் சிரிப்பார்கள். முதல் புருஷனுக்கு இரண்டாம் புருஷன் சிகரெட் பற்றவைத்துக் கொடுக்க, அவள் குறை சொல்லிக்கொண்டு நிற்பாள். இதைவிட மரியாதையான அஞ்சலியை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

இந்த இலையில் வந்து மண்ணை அள்ளிப் போட்டவன் என் அத்தை மகன். திருப்போரூரில் மனை விற்கிறான். ஏரிக்குள் கல் நட்டு, நாவலூருக்குப் பத்தே நிமிடம் என்று நோட்டீஸ் அடிக்கிற வகை. அவனிடம் மனை வாங்க வந்த ஒரு சினிமாக்காரனிடம் பேச்சுவாக்கில், எங்கள் மாமா எல்லையில் வீரமரணம் அடைந்தவர் என்று விட்டிருக்கிறான். அந்த சினிமாக்காரன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

“மச்சான், படம் வந்துச்சின்னா நம்ம ரேஞ்சே வேற. புது லேஅவுட்டுக்கு மாமா பேருதான் வெக்கப் போறேன்” என்று எனக்கு போன் செய்தான். உருளைக்கிழங்கு ஏற்றிப் போனவர் பெயரில் ஏரியைப் பட்டா போடுவது அவனுக்கு தேச சேவையாகத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தபோது, உதவி இயக்குநர்கள் இரண்டு பேரை அம்மாவும் நைனாவும் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தான். ஒருவனுக்குத் தாடி. இன்னொருவன் போனில் பதிவு செய்துகொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். வந்ததும் டிரங்குப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

“உள்ள யூனிஃபார்ம் இருக்குமா ஆன்ட்டி?” என்று தாடி கேட்டான்.

“அரிசி கீது” என்றாள் அம்மா. “எலி பூர முடியாதுப்பா அதுல. நல்ல தகரம்.”

தாடிக்காரன் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. பெரியப்பாவைப் பற்றி மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்றான். அம்மா மாமல்லபுரம் போன கதையைச் சொன்னாள். எங்கள் பக்கம் புதுசாகக் கல்யாணமானவர்களைத் தனியாக எங்கேயும் அனுப்ப மாட்டார்கள், மாப்பிள்ளையின் தம்பியோ பெண்ணின் தங்கையோ ஒட்டிக்கொண்டு போக வேண்டும். முதல் லீவில் பெரியப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் மாமல்லபுரம் போனபோது நைனா ஒட்டிக்கொண்டு போனார்.

“அவருக்கு கடல்னா பயம்ப்பா. அலை வந்தா பத்தடி பின்னால ஓடுவாரு. மூணு பேரு செருப்பயும் கைல புடிச்சிகினு மணல்லயே நின்னாரு. எனக்கு தண்ணில எறங்கணும்னு ஆச. இவருதான் கையப் புடிச்சி எறக்கினாரு” என்று அம்மா நைனாவைக் காட்டினாள்.

வந்திருந்த இருவரும் அப்போதுதான் நைனாவைப் பார்த்தார்கள். மூலையில் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

“ஐயா யாரு?”

“தம்பி” என்றார் நைனா. “அவரு தம்பி.”

அம்மா காபி டம்ளரை வைத்த சத்தத்தில் பதிவு செய்துகொண்டிருந்த போனே ஒரு குதி குதித்தது.

தாடிக்காரனுக்கு அப்போதுதான் அம்மாவின் கழுத்தில் கிடந்த தாலியும் நெற்றியில் இருந்த பொட்டும் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அத்தை மகனைப் பார்த்தான். அவன் இளித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். ஏதோ குடும்பத்தில் ஒருவன் ஜெயிலுக்குப் போன விஷயத்தைச் சொல்வது போலக் குரலை இறக்கிச் சொன்னான்.

“ஓ” என்றான் தாடி. “தப்பா எடுத்துக்காதீங்க சார். லைஃப்ல ஓகே. ஆனா ஆடியன்ஸ் கனெக்ட் ஆக மாட்டாங்க. கிளைமாக்ஸ்ல அவங்க வெயிட் பண்ணணும். செகண்ட் மேரேஜ்னு வந்துட்டா எமோஷன் போயிடும்.”

“அப்ப நான்?” என்று கேட்டேன்.

“நீங்க ஸ்கிரிப்ட்ல இல்ல சார்” என்றான், ஆறுதலாக.

சம்பவம் உண்மை, அதில் நான் மட்டும் பொய். என் நைனா அதைவிடப் பெரிய பொய். வருஷக்கணக்கில் உப்புக் கரைசலில் கால் வெடிக்க நின்று இந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்ட மனிதரால் எமோஷன் போய்விடுகிறதாம். கடல் காட்சி நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்கிறோம், ஆனால் படத்தில் ஹீரோ நீந்துவார் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா நைனாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “கேட்டவனுக்கு பதில் சொல்றப்போ கூடவா தம்பி? என்னிய கட்டிகினது யாரு, உன் பங்காளியா?” நைனா கொல்லைப்பக்கம் போய்விட்டார். இந்த விஷயத்தில் எனக்கு நைனாமேலும் கோபம்தான். நல்லவராக இருப்பதற்கும் ஒரு அளவு வேண்டும்.

விவகாரம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் இந்த மாதிரிப் படங்களுக்கு வால் ஒன்று உண்டு. கடைசியில் உண்மையான ஆட்களைக் காட்டுவார்கள், அப்போதுதான் மூக்குச் சிந்தாதவனும் சிந்துவான். அதற்காக அம்மாவை மாமல்லபுரம் கடற்கரையில் வைத்துப் படம் பிடிக்க வேண்டும் என்று அத்தை மகன் காரை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். நைனாவும் நானும் கூடவர அம்மா கிளம்பினாள். அவளுக்கு கடல் பிடிக்கும், அது ஒன்றுதான் காரணம்.

கடற்கரையில் கேமராவை வைத்துவிட்டு தாடிக்காரன் ஒரு வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து நீட்டினான். பொட்டை மட்டும் எடுத்துவிட்டு, தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்து நின்றால் போதும் என்றான். நைனாவிடம், “ஐயா, நீங்க கொஞ்சம் ஃபிரேம விட்டுத் தள்ளி நில்லுங்க” என்றான். நைனா தள்ளி நின்றார். இன்னும் கொஞ்சம் என்றான். இன்னும் கொஞ்சம் தள்ளினார். ஐஸ் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அம்மா சேலையைத் தொடவில்லை. “அவரு செத்தப்போ ரெண்டு வருசம் அழுதன். அப்ப வந்திருந்தா எடுத்திருக்கலாம்” என்றாள். “அதுக்கப்பறம் சிரிச்சிகினுதான் கீறேன். அத்த எடுக்கறதா இருந்தா எடு.”

“அத்த, ரெண்டு நிமிசம்தான். செத்தவருக்கு மரியாத” என்று அத்தை மகன் இடையில் புகுந்தான்.

“நீ ஏரிய வித்துக் குடுக்கற மரியாதயே போதும்டா.”

அத்தை மகன் நைனாவைக் கூப்பிட்டான். “மாமா, நீயாவது சொல்லு.”

எல்லாரும் நைனாவைப் பார்த்தோம். அம்மாவும் பார்த்தாள். சொல்லித் தொலையுங்கள் நைனா, இவள் பொட்டை எடுக்கச் சொல்ல நீ யாருடா என்று ஒரு வார்த்தை கேளுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன்.

நைனா மணலைப் பார்த்துக்கொண்டு, “அண்ணனுக்காகத்தான கேக்கறாங்க. ரெண்டு நிமிசம்தான அண்ணி” என்றார்.

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அத்தை மகனின் கார் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பெண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நைனாவும் நானும் பின்னால் நின்றுகொண்டே வந்தோம். அந்த வருஷப் படையலில் நைனா சிகரெட்டைப் பற்றவைத்து இருமியபோது அம்மா எதுவும் சொல்லவில்லை. நைனா சிகரெட்டை இலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

படம் வந்தது. பெரியப்பா பெயரைத் தவிர மற்றதையெல்லாம் மாற்றிவிட்டார்கள். அத்தை மகன் நாவலூர் மாலில் ஒரு வரிசை முழுக்க டிக்கெட் எடுத்து எங்களையும் இழுத்துக்கொண்டு போனான். வரமாட்டாள் என்று நினைத்த அம்மா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, பெரிய பொட்டோடு வந்தாள். “எம்மாந்தூரம் நீந்தறாருன்னு பாக்கறேன்” என்றாள்.

நீந்தினார். கடற்கரைக் கோயிலில் ஆரம்பித்து, இடைவேளைவரை நீந்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். லாரி ஓட்டியவருக்கு ஒரு படைப்பிரிவே கொடுத்திருந்தார்கள். உருளைக்கிழங்கு ஒன்றுகூட இல்லை. மனைவியாக வந்த பெண் வடக்கே எங்கேயோ பிறந்தவள், திருப்போரூர் வீட்டு வாசலில் காற்றில் கூந்தல் பறக்கிற மாதிரி நின்று வானத்தைப் பார்த்தாள். என் முன்வரிசையில் இருந்த ஐடி பையன்கள் இரண்டு பேர் விசும்பினார்கள். அம்மா பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஓர இருக்கையில் நைனா. ஒரே ஒரு இடத்தில், பெரியப்பா சாகும்போது, அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தது தெரிந்தது. எப்படிச் செத்தால் என்ன, செத்தது அவருடைய அண்ணன்.

கடைசியில் பாட்டு குறைந்து, திரை கறுத்து, எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து அத்தை மகன் வாங்கிப் போன போட்டோ வந்தது. பெரியப்பா தொப்பியோடு லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதுவரை நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் என்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கீழே எழுத்து வந்தது. அவருடைய மனைவி மறுமணம் செய்துகொள்ளாமல், இறுதி மூச்சுவரை அவர் நினைவாகவே வாழ்ந்து மறைந்தார்.

அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. கைதட்டல். எங்கேயோ ஒருவன் ஜே போட்டான். அத்தை மகனும் எழுந்து நின்று விறைப்பாக சல்யூட் வைத்தான். பொட்டை எடுக்கமாட்டேன் என்று சொன்னதற்காக ஆளையே எடுத்துவிட்டார்கள்.

அம்மா என் பக்கம் சாய்ந்து கேட்டாள். “டேய், இன்னா எழுதிகீது? நான் செத்துட்டனா?”

“ஆமாம்மா.”

“எப்ப?”

நான் சிரிப்பதற்குள் ஓர இருக்கை டப்பென்று மடங்கிய சத்தம் கேட்டது. நைனா எழுந்து படிக்கட்டுக்குப் போயிருந்தார். முதலில் அவரும் மரியாதைக்கு நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து நின்றார். எழுபது தாண்டிய மனிதர். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

“யோவ்! எவன்யா இவ செத்துட்டான்னு எழுதனது? தோ குந்திகினுகீறா பாரு! என் பொண்டாட்டி! என் பொண்டாட்டிய்யா அவ!”

கைதட்டல் ஆங்காங்கே நின்றது. பின்னால் இருந்து ஒருவன், “பெருசு, தியாகிக்கு மரியாத குடு. ஒக்காரு” என்றான்.

“அவன் என் அண்ணன்டா” என்றார் நைனா. “இவ என் பொண்டாட்டி. நீ ஒக்காரு.”

அத்தை மகன் சல்யூட் வைத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைக் கோதிக்கொண்டான். விளக்குகள் எரிந்தன. நைனா படியிலேயே நின்றுகொண்டிருந்தார், மூச்சு வாங்கியது. அம்மா பாப்கார்ன் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டு, தலையில் சரிந்த பூவை இழுத்து நேராக்கினாள்.

“இன்னாடா சொல்றாரு உங்க நைனா?” என்றாள், அவரைப் பார்த்துக்கொண்டே. “காதுல சரியா வுழல. இன்னொரு தபா சொல்லச் சொல்லு.”